பை எடுக்க நான் மறக்கவில்லை

“ஐயோ, பை எடுத்துட்டு வர மறந்துட்டேன். ஒரு கவர் குடுங்க.”

கடை கடையாகப் பல ஆண்டுகள் நான் சொல்லிவந்த இந்த வார்த்தை பொய். நான் மறக்கவில்லை. வண்டியை எடுக்கும்போதே பை இல்லை என்று தெரியும். கேட்டால் கவர் கிடைக்கும் என்றும் தெரியும். கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் எடுக்கவில்லை. மறதி என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை; அதனால் அதையே சொல்லிப் பழகிவிட்டேன்.

இதை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் தயங்கியதற்கு என் வேலையும் ஒரு காரணம். திருச்சியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளியின் தேசியப் பசுமைப் படைக்கும் நானே பொறுப்பு. பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பதும், பதாகை எழுத வைப்பதும், தெருத் தெருவாகப் பேரணி அழைத்துப் போவதும் என் பணி. 2021 டிசம்பர் 23 அன்று சென்னை கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதைத் தொடர்ந்து எங்கள் பள்ளியிலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினேன். நெகிழி மக்க எத்தனை தலைமுறை ஆகும், நீர்நிலைகளை அது என்ன செய்யும் என்றெல்லாம் சொல்லி, பிள்ளைகளைக் கை நீட்டி உறுதிமொழி எடுக்கவும் வைத்தேன். அந்த வாரமே நான் வாங்கிய கத்தரிக்காய் ஒரு கவரில், தக்காளி ஒரு கவரில், பச்சை மிளகாயும் இஞ்சியும் தனியாகச் சின்னக் கவரில் என் வண்டியில் தொங்கின. வழியில் என் மாணவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து கவர்களைக் கால் பக்கம் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒளித்துக்கொண்டு போகத் தெரிந்த எனக்குத் தப்பு என்று தெரியாமலா இருந்தது?

தமிழ்நாட்டில் இந்தத் தடை ஒன்றும் புதிதல்ல. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கவர், பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த தட்டு, டம்ளர், உறிஞ்சு குழல், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள் எனப் பதினான்கு வகைப் பொருள்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. பால், எண்ணெய், மருந்து போன்றவற்றின் உறைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த முதல் சில மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். கறிக்கடையில், “பாத்திரம் கொண்டாந்திருக்கீங்களா?” என்று முதலிலேயே கேட்டார்கள். ஓட்டலில் சாம்பாருக்குத் தூக்குவாளி கேட்டார்கள். பூக்காரர் வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். அந்த மாதங்களில் நானும் ஒழுங்காகப் பை கொண்டுபோனேன். எவ்வளவு பெருமைப்பட்டேன்! ஊரே மாறிவிட்டது, நானும் மாறிவிட்டேன் என்று மனதார நம்பினேன்.

பிறகு சோதனைகள் தளர்ந்தன. கொரோனா வந்தது, எதையும் தொடவே எல்லோரும் அஞ்சிய அந்தக் காலத்தில் கவர் சத்தமில்லாமல் கடைக்குத் திரும்பியது. கவர் திரும்பிய அன்றே என் பை ஆணிக்குத் திரும்பிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும்: 2019இல் பை எடுத்துப் போனது என் மனசாட்சி அல்ல. கடைக்காரர் இல்லை என்று சொன்னார், நான் எடுத்துப் போனேன். அவர் இருக்கிறது என்றதும் நான் விட்டுவிட்டேன்.

என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு பைகள் தொங்கும். காய்க்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று. எண்ணெய்க்குத் தனியாக ஒரு தூக்கு. அதற்கு வேறு வேலையே கிடையாது. அந்தத் தலைமுறை நம்மைவிட நல்ல தலைமுறை என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். இன்று அப்படிப் பேச மாட்டேன். பை இல்லாமல் போனால் சாமான் வாங்கித் திரும்ப வழியில்லை; அதனால் பை எடுத்துப் போனார்கள். கடையில் ஓசியில் கவர் கிடைத்திருந்தால் அப்பாவும் கைவீசிக்கொண்டுதான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அயர்லாந்தில் 2002இல் ஒரு கவருக்கு 15 சென்ட் என்று வரி போட்டார்கள். மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் கவர் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் விழுந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிற வரை மனிதர்கள் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நானும் அந்த மனிதர்களில் ஒருத்தி. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் அப்பாவிடம் ஒன்று இருந்தது, அதை நான் தொலைத்துவிட்டேன். ஒரே பையில் எல்லாக் காயும் வாங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். அதற்குமேல் பூசணிக்கீற்று, சேனை, வாழைக்காய். பிறகு கத்தரி, வெண்டை, அவரை. தக்காளி கடைசியில்தான். கீரையும் கொத்தமல்லியும் பையின் வாய்க்கு வெளியே எட்டிப் பார்க்கும். சந்தைக்குள் நுழையும்போதே எந்தக் கடைக்கு முதலில் போவது, எதற்குக் கடைசியில் போவது என்று அப்பாவுக்குத் தெரியும். பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். கடைக்காரர் தராசுத் தட்டைச் சாய்த்துக் கொட்டுவார். ஒரு தக்காளிகூட நசுங்கி வீடு வந்து நான் பார்த்ததில்லை. கவர் வந்தபின் வரிசைக்கு அவசியமில்லாமல் போயிற்று. கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். பை எடுத்துப்போகாதது மட்டுமல்ல, பை வைத்துக்கொண்டு காய் வாங்கவே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

என்னிடம் பை இல்லாமல் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது. எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பைகள். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்தவை, பெரியகடை வீதித் துணிக்கடைகளில் தந்த கட்டப்பைகள், கருத்தரங்குகளில் கொடுத்த சணல் பைகள், பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தில் ஆசையாக வாங்கியவை. கொடுத்தால் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. துணிப்பைதானே, நல்லதுதானே என்று ஒவ்வொன்றையும் மடித்துப் பரணில் போட்டேன். புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது மட்டும் அழகான சணல் பை ஒன்று என் தோளில் ஏறும். மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியிலிருந்து நேரே சந்தைக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. சக ஆசிரியைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. அதுதான் உண்மை. சுற்றுச்சூழல் அக்கறையை நாலு பேர் பாராட்டும் இடத்தில் தோளில் மாட்டிக்கொண்டேன். யாரும் கவனிக்காத காய்கறிக் கடையில் கழற்றி வைத்துவிட்டேன்.

அந்தப் பரண் வெறும் சோம்பலின் அடையாளம் அல்ல, அதுவே ஒரு சேதாரம் என்பது பின்னால் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். நூற்க, நெய்ய, சாயமேற்ற மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது மெல்லிய கவரைவிட மேலானதாகும் என்றது. டென்மார்க் அரசின் 2018ஆம் ஆண்டு ஆய்வு பருவநிலைக்கு மட்டும் 52 முறை என்றும், நீர் முதல் ஓசோன் வரை எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை என்றும் கணக்குச் சொன்னது. இந்த 7,100 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, “பாருங்க, துணிப்பைதான் கெடுதல், கவரே தேவலை” என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. டென்மார்க்கில் பயன்படுத்திய கவர் குப்பைத்தொட்டிக்குப் போய் அங்கிருந்து எரியூட்டும் உலைக்குப் போகிறது. வாய்க்காலில் விழும் கவரையும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் கவரையும் அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊர்க் கணக்கு வேறு. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்கிற ஒன்று எந்த ஊருக்கும் பொருந்தும்: துணிப்பையின் நன்மை அதை வைத்திருப்பதில் இல்லை, திரும்பத் திரும்ப எடுத்துப் போவதில் இருக்கிறது. பரணில் மடங்கிக் கிடந்த என் பைகளால் பூமிக்கு நட்டம் மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிகளில் பாதி துணியே இல்லை. ஒருநாள் பரணைச் சுத்தம் செய்ய ஏறியவள், கடை ஒன்றில் கொடுத்த பச்சை நிறப் பையை உருவினேன். காது மட்டும் கையோடு வந்தது. உடல் அப்படியே உதிர்ந்து, செதில் செதிலாக என் புடவை மேலும் தரையிலும் விழுந்தது. பெருக்கினால் துடைப்பத்தில் ஒட்டியது. ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் நுணுங்கியது. பார்க்கத் துணிபோல் இருக்கும் அந்தப் பைகளில் பாவும் ஊடும் கிடையாது. பாலிப்புரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய தாள் அது. வெயிலும் காற்றும் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து நொறுங்கும். வேதியியல் பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சின்னத் துண்டை நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், இது உருகி உருண்டையாகும். துணிப்பை என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது, அதனால் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இந்த வகைப் பையும் இருந்தது. கவருக்கு எத்தனை மைக்ரான் தடிமன் என்ற கேள்வியும் இங்கே இல்லை. மத்திய அரசின் விதி 120 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றைத்தான் தடுக்கிறது. நம் மாநிலத்தில் எந்தத் தடிமனும் கூடாது. “இது மொத்தக் கவர்தான் டீச்சர், பிரச்சனையில்ல” என்று ஒரு கடைப்பையன் சொன்னபோது, தெரிந்திருந்தும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் என்னோடு போகிற குற்றங்கள். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

தென்னூர் உழவர் சந்தைக்கு வெளியே, நடைபாதையில் சாக்கை விரித்துக் கீரை விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். முளைக்கீரை, அரைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி. மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருப்பார். கட்டைக் கையில் எடுத்து உதறி, வேரோடு ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கொடுப்பார். பை கொண்டுவருகிறவர்களுக்கு அப்படியே பையில் வைப்பார். என்னைப் போன்றவர்களுக்காக, உட்கார்ந்திருக்கும் சாக்குக்கு அடியில் ஒரு கட்டுக் கவர் வைத்திருப்பார். வெளியே தெரிய வைக்க மாட்டார். கேட்டால், இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றை உருவி ஊதிப் பிரிப்பார்.

“என்ன டீச்சர், இன்னைக்கும் பை இல்லையா?”

“மறந்துட்டேங்க்கா.”

கவர் அவருக்கு ஓசியில் வருவதில்லை. கட்டாக விலை கொடுத்து வாங்குகிறார். ஒரு கட்டுக் கீரையில் அவருக்கு நிற்கிற லாபமே கொஞ்சம். அதிலிருந்து எனக்கு ஒரு கவர். கொடுக்காவிட்டால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருமுறை அவரிடம் கவர் தீர்ந்துபோயிருந்தபோது நான் உண்மையாகவே அடுத்த கடைக்குப் போயிருக்கிறேன்.

ஒரு கோடைக்கால மாலை. கீரையைக் கவரில் வாங்கிக்கொண்டு சில்லறைக்காக நின்றிருந்தேன். சோதனைக்கு வந்தவர்கள் வரிசையாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அக்காவை எழச் சொன்னார்கள். சாக்கைத் தூக்கிக் கவர்க்கட்டை எடுத்தார்கள். சீட்டு எழுதினார்கள். அவர் சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த நோட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். அன்று அவர் அதுவரை விற்ற காசு அதுவாகத்தான் இருந்திருக்கும். “இவங்கள்லாம் கேக்குறாங்க சார், நான் என்ன பண்றது” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். என்னைக் கை காட்டவில்லை. நான் அவருக்கு எதிரே, கையில் கவரோடு நிற்கிறேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அரசாணையில் உற்பத்தி, சேமிப்பு, விற்பனை என்று மட்டும் இல்லை. பயன்படுத்துவதும் தடை என்றுதான் இருக்கிறது. அந்த ஆணையைப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டியவளே நான்.

அபராதத்தை நான் கட்டியிருக்க வேண்டும். கைப்பையில் பணம் இருந்தது. குறைந்தபட்சம், “கவர் கேட்டது நான்தான்” என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சில்லறையைக்கூட வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். வெகு நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கீரையைச் சந்தையின் மறுகோடியில் வாங்கினேன். கடைசித் திருப்பத்தில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். பொது மேடையில் அசராமல் பேசும் எனக்கு, நடைபாதையில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுகோடிக் கடையிலும் கவரில்தான் வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குற்றவுணர்ச்சி இருந்தது, பழக்கம் போகவில்லை. வருத்தப்பட்டாலே திருந்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதை அந்த நாட்களில் கண்டேன்.

கவரை வாங்குவதற்கு என்னிடம் இன்னொரு நியாயமும் இருந்தது: “வீணாகப் போகவில்லையே, குப்பை கட்டத்தான் பயன்படுகிறதே.” இதைச் சொல்லாத வீடு குறைவு. நானும் சோற்றுப் பருக்கை, காய்த்தோல், காகிதம், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் அதே கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கான குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதி. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒருநாள் விடுப்பில் வீட்டில் இருந்தபோது, எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் வண்டியருகே நின்று என் வீட்டுக் கவரின் முடிச்சை விரலால் கிழித்துப் பிரிப்பதைப் பார்த்தேன். அழுகிய சாறு அவர் முழங்கை வரை வழிந்தது. உள்ளே கையை விட்டு, கண்ணாடித் துண்டைத் தனியாக எடுத்துச் சாக்கில் போட்டார். நான் முடிச்சுப் போட்டதை அவர் பிரிக்க வேண்டியிருக்கிறது. நான் கடையில் கேட்டு வாங்கிய கவர், கீரைக்கார அக்காவின் சுருக்குப்பையில் தொடங்கி இந்தத் தூய்மைப் பணியாளரின் கையில் வந்து முடிகிறது. நடுவில் எனக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

அங்கேயும் முடிவதில்லை. பிரிபடாதவை அரியமங்கலத்துக்குப் போயின. திருச்சியின் குப்பை பல பத்தாண்டுகளாக மலையாகக் குவிந்து, கோடையில் பற்றியெரிந்து, சுற்றியிருந்த குடியிருப்புகளைப் புகையில் மூழ்கடித்த இடம் அது. வண்டிக்குள் வராதவை உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் போகின்றன. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகருக்குள் நுழைந்து, வயலுக்கும் ஏரிக்கும் தண்ணீர் கொண்டுபோகும் சோழர் காலத்து வாய்க்கால். ஆயிரம் ஆண்டு ஓடிய தண்ணீரைப் பாலத்தடியில் கவர்கள் தடுத்து நிறுத்துகின்றன. தெருவில் கிடப்பவை மாட்டுக்குப் போகின்றன. மாடு உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் வாரி அப்படியே விழுங்கும். உள்ளே மிச்சச்சோறு இருக்கும் கவரை முடிச்சோடு விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் வராது. இரைப்பையில் சேர்ந்துகொண்டே இருக்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். அந்தச் செய்தியை வெட்டி வகுப்பறையில் ஒட்டியதும் நான்தான். முடிச்சைப் போட்ட கையும் இதே கைதான்.

நாம் இன்று பிடித்துத் தூக்கும் இந்தக் கைப்பிடிக் கவரை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். 1965இல் காப்புரிமை பெற்றது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு, பலமுறை பயன்படுத்தக்கூடிய வலுவான பை வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார் என்றும், எப்போதும் ஒன்றைப் பாக்கெட்டில் மடித்து வைத்திருப்பார் என்றும் அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொருளைக் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் நினைத்தபோதெல்லாம் இந்தத் தகவல் என்னைத் தடுத்தது. ஒருமுறை பயன்படுத்தி எறிவது என்பது அதைச் செய்தவரின் எண்ணமே இல்லை. நம் எண்ணம்.

“ஆலையை மூடட்டும், நான் ஏன் பை தூக்க வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு நான் எதிரி அல்ல. தடை செய்த பொருள் எங்கிருந்து கட்டுக்கட்டாக வருகிறது என்பது நியாயமான கேள்வி. அதை உரக்கக் கேட்க வேண்டும். நானும் கேட்டேன். ஆனால் நான் கேட்டது ஆலைமுன் நின்றல்ல. கீரைக்கடை முன்னால், கையில் கவரை வாங்கிக்கொண்டு.

அக்காவிடம் மறுபடி போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவளுக்கு அங்கே போனதும் வரவில்லை. “அன்னைக்கு நீங்க கட்டின பணம் நான் குடுத்திருக்கணும்க்கா” என்று மட்டும் சொல்லி நீட்டினேன். வாங்கிக்கொண்டார். “பரவாயில்ல டீச்சர்” என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு ஒரு நிம்மதி. அது பரவாயில்லாத விஷயம் இல்லை.

இப்போது வண்டியின் பெட்டிக்குள் இரண்டு துணிப்பைகள் எப்போதும் இருக்கின்றன. காய் எடுத்து வைத்ததும், பையை மடித்து அன்றே வண்டிக்குள் போட்டுவிடுகிறேன். ஆணியில் மாட்டினால் போச்சு. பள்ளிக்குக் கொண்டுபோகும் கைப்பையிலும் ஒன்று மடிந்து கிடக்கிறது. பழைய வேட்டியைக் கிழித்து, பச்சை மிளகாய், பீன்ஸ், கொத்தவரைக்குச் சின்னச் சின்னச் சுருக்குப்பைகள் தைத்திருக்கிறேன். கீரை வாங்கிய பை ஈரமாகிவிடும் என்று முன்பு சொல்லுவேன். கொடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடுகிறது. கவருக்குள் வியர்த்து அழுகிய கீரை துணிக்குள் அழுகுவதில்லை. அப்பாவின் வரிசையை மெல்லப் பழகிவருகிறேன். இன்னும் சில நாள் தக்காளியை முதலில் வாங்கித் தொலைக்கிறேன்.

முழுவதும் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். இட்லி மாவு இன்றும் கவரில்தான் வாங்குகிறேன். அரைக்க நேரமில்லாத நாட்களில் தூக்கு எடுத்துப்போக வேண்டும், பல நாள் எடுத்துப்போவதில்லை. மீனுக்கு எவர்சில்வர் டப்பா கொண்டுபோகிறேன். ஆனால் நினைத்துக்கொண்டு திடீரென்று வாங்கும் நாளில் கவர்தான். அந்த நாட்களில் “மறந்துட்டேன்” என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். “பை கொண்டு வரலை, தப்பு என்னோடதுதான்” என்று சொல்கிறேன். இப்படிச் சொல்ல வாய் கூசுகிறது. கூசுவதால் பாதி நாள் வாங்காமலே திரும்பிவிடுகிறேன்.

பரணிலிருந்த பைகளைப் பிரித்தேன். உதிரும் பைகளைத் தனியாக மக்காத குப்பையில் சேர்த்தேன். நல்ல பருத்திப் பைகளைத் துவைத்து, காயவைத்து, எங்களுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பை இல்லாமல் வருகிறவர்களுக்கு அதில் கீரை போட்டுக் கொடுக்கிறார். “அடுத்த தடவ கொண்டாந்துருங்க” என்கிறார். சில திரும்பி வருகின்றன, பல வருவதில்லை. வராத பைகளும் யார் வீட்டிலாவது காய் சுமந்தால் சரி.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். ஓரத்து நூலைப் பிரித்துப் பார்த்து, துணியாக இருப்பதைத் துவைத்து எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டோ மூன்றோதான். மற்றதை நீங்கள் வழக்கமாகக் காய் வாங்குகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அடுத்து வரும் கல்யாணத்தில் தாம்பூலப் பை நீட்டினால், தேங்காயை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.